பழைய பம்பின் பாதுகாப்பு வாதத்தைப் புதிய பம்புக்குப் போடலாமா?

கோண்டாவில்காரி, வெள்ளி இரவு

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னக் கொம்பனியில் மென்பொருள் எழுதுகிறேன். ஸ்டான்லி வீதியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடி, ஏழு பேர், ஒரு ஏசி. அதுவும் மத்தியானத்துக்குப் பிறகு வேலை செய்யாது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மருந்து ஏற்றும் பம்ப் செய்கிறது; அதற்குள் ஓடும் மென்பொருளில் பெரும்பங்கு எங்களுடையது. சிரிஞ்சை ஒரு மோட்டார் மெல்ல மெல்லத் தள்ளும். மணிக்கு இத்தனை மில்லிலீற்றர் என்று நேர்ஸ் அமத்திவிட்டால் அதுபாட்டுக்கு ஏறும். கூட ஏறினாலும் ஆபத்து, நின்றுபோனாலும் ஆபத்து.

முதல் பம்ப் ஆசுபத்திரி வார்ட்டுக்கு. அதற்கு ஒரு சேஃப்டி கேஸ் எழுதினோம். தெரியாதவர்களுக்காக: "இந்தப் பம்ப் இந்தப் பாவனைக்குப் போதிய அளவு பாதுகாப்பானது" என்று மேலே ஒரு கூற்று இருக்கும். அதைத் தாங்கக் கீழே சின்னக் கூற்றுகள், அவற்றைத் தாங்க இன்னும் சின்னவை, அடியில் சோதனை முடிவுகளும் கணக்குகளும். எல்லாம் பெட்டி பெட்டியாகக் கீறிய படம். எங்களுடையதில் 143 பெட்டி. எட்டு மாதம் எடுத்தது. அந்த எட்டு மாதத்தில்தான் எனக்குக் கண்ணாடியும் வந்தது.

இப்போது இரண்டாவது பம்ப். அதே மோட்டார், அதே சேர்க்கிட் போர்ட், மென்பொருள் கோடும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் இது வீட்டுக்கு. நோயாளியை வீட்டுக்கு விட்டுவிட்டு அங்கேயே வலி மருந்து ஏற்றுவதற்கு. மனேஜர் சொன்னது இவ்வளவுதான்: "பழைய வாதத்தை எடுத்துப் பெயரை மாத்தும். மூன்று கிழமை காணும்."

சரி என்று மாற்றிப் பார்த்தேன். 'வார்ட்' வந்த இடமெல்லாம் 'வீடு', 'நேர்ஸ்' வந்த இடமெல்லாம் 'பராமரிப்பவர்'. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்குப் பயம் பிடித்தது அதற்குப் பிறகுதான். வாசித்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது! 61ஆம் பெட்டியைப் பாருங்கள். முன்பு இருந்தது: "அலாரம் அடித்தால் பயிற்சி பெற்ற நேர்ஸ் ஒருவர் ஒரு நிமிஷத்துக்குள் பம்புக்குக் கிட்ட வருவார்." இப்போது இருப்பது: "அலாரம் அடித்தால் பயிற்சி பெற்ற பராமரிப்பவர் ஒருவர் ஒரு நிமிஷத்துக்குள் பம்புக்குக் கிட்ட வருவார்." வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. கீழே சான்றாகத் தொங்குவதோ வார்ட்டில் எடுத்த அளவீடு. வீட்டில் அந்தப் பராமரிப்பவர் யார்? என் அம்மாவைப் போல ஒருவர். அலாரம் அடிக்கும் நேரம் கிணற்றடியில் நிற்பார்.

எனக்குத் தெரியவேண்டியது: ஒரு பாதுகாப்பு வாதத்தைத் திரும்பப் பாவிப்பதைப் பற்றி யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா, அல்லது எல்லோரும் எங்களைப் போலத் தேடி மாற்றித்தான் காலத்தை ஓட்டுகிறார்களா? 143 பெட்டியையும் முதலிலிருந்து எழுத எனக்கு மனம் இல்லை. மனேஜர் சொல்வதைச் செய்யவும் மனம் இல்லை. திங்கள் காலை அவருக்கு ஒரு பதில் சொல்லவேண்டும்.


பிரேக்வயர், சனி காலை

அக்கா, நான் பருத்தித்துறை, இப்போது கொழும்பில் கார் எலக்ட்ரோனிக்ஸ் வேலை. உங்கள் மனேஜர் சொன்னதில் பாதி சரி என்று நான் சொல்வேன், கோபிக்கவேண்டாம்.

எங்கள் துறையே திரும்பப் பாவிப்பதில்தான் ஓடுகிறது. கார்களுக்கான ஐஎஸ்ஓ 26262 தரம் 2011இல் வந்தபோதே அதற்கு ஒரு வழி வைத்துவிட்டார்கள். சிப் செய்கிறவனுக்குத் தன் சிப் எந்தக் காரில் போகும் என்று தெரியாது. பிரேக்குக்குப் போகலாம், கதவுக் கண்ணாடிக்கும் போகலாம். அதனால் "இன்ன இன்ன மாதிரிப் பாவிப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன், அப்படிப் பாவித்தால் இது பாதுகாப்பு" என்று எழுதித் தருவான். வாங்குகிறவர்கள் அந்த எடுகோள்களை ஒவ்வொன்றாகத் தங்கள் காரோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பொருந்தாவிட்டால் ஒன்று காரை மாற்றவேண்டும், இல்லாவிட்டால் சிப்பை மாற்றவேண்டும். ஒரு மாதத்தில் பாதி நாள் எனக்கு இதுதான் வேலை. நானூறு பக்கக் கையேட்டில் "வெளியே ஒரு வொட்ச்டோக் (சிப் உறைந்துபோனால் கண்டுபிடிக்கும் காவல் சுற்று) இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம்" என்று எங்கேயோ ஒரு மூலையில் ஒரு வரி கிடக்கும். அந்த வரியைக் காணாமல் விட்டால் முடிந்தது கதை.

ஆகவே முதலில் எடுகோள் பெட்டிகளை மட்டும் தனியே எடுங்கள். அவைதான் மாறும். மோட்டார் எத்தனை மைக்ரோமீற்றர் நகர்கிறது என்ற கணக்கு வீட்டிலும் அதேதானே?

நேரம் இல்லையென்றால் முழுவதையும் சாட்ஜிபிடியிடம் கொடுத்துவிடுங்கள், அழகாகக் கீறித் தரும். (பகிடிக்கு. ஆனால் எங்கள் இடத்தில் ஒருவர் உண்மையாகவே செய்தார்.)


ஆடியபாதம் வீதி, சனி பின்னேரம்

தங்கச்சி, இந்தக் கேள்வியோடு நான் நாலு வருஷம் வெளிநாட்டில் ஒரு ஆய்வுகூடத்தில் இருந்தவள். இப்போது திருநெல்வேலியில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். ஆராய்ந்திருக்கிறார்கள், நிறையவே. கிட்டத்தட்ட முப்பது வருஷக் கதை.

நீங்கள் கீறுகிற பெட்டிப் படம் பெரும்பாலும் ஜிஎஸ்என் என்ற குறியீடாக இருக்கும். இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது அது. அங்கே ரிம் கெல்லி 1998இல் முடித்த கலாநிதிப் பட்ட ஆய்வு இதற்கு ஒரு மைல்கல். அதற்கும் பின்னால் தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் இருக்கிறார். கூற்று, சான்று, சான்றிலிருந்து கூற்றுக்குப் போக அனுமதி தரும் நியாயம், மறுப்பு என்று மனிதர் வாதாடும் விதத்தை 1958இலேயே பிரித்துக் காட்டியவர். பிறகு பொறியியலாளர்கள் அதை எடுத்துப் பெட்டி கீறினார்கள்.

கெல்லியும் ஜோன் மக்டேர்மிட்டும் 1997இலேயே உங்கள் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். மென்பொருள்காரர்களிடம் டிசைன் பேட்டர்ன் (திரும்பத் திரும்பப் பாவிக்கக்கூடிய தீர்வு அச்சு) இருப்பதுபோலப் பாதுகாப்பு வாதத்துக்கும் ஏன் இருக்கக்கூடாது? எங்கள் ஊரில் சீமெந்துக் கல் அரிகிற அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். "[இந்த அமைப்பின்] அடையாளம் கண்ட ஆபத்துகள் எல்லாம் கட்டுப்பாட்டில் உள்ளன" என்று மேலே, கீழே "[ஆபத்து ஒன்று] கட்டுப்பாட்டில் உள்ளது" என்று எத்தனை ஆபத்தோ அத்தனை தடவை. அடைப்புக்குள் இருப்பதை நீங்கள் நிரப்பவேண்டும். அதோடு ஒவ்வொரு அச்சுக்கும் எங்கே இது பொருந்தும், எங்கே பொருந்தாது, எப்படிப் பிழையாகப் பாவிப்பார்கள் என்று எழுதிவைக்கவும் சொன்னார்கள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் யாரும் வாசிப்பதில்லை. உங்கள் மனேஜர் செய்யச் சொன்னதில் அச்சே இல்லை, கவனியுங்கள். ஒரு வீட்டுச் சுவரைப் பெயர்த்து இன்னொரு வீட்டில் வைக்கிற வேலை அது.

பிறகு இந்தத் துறை பல பக்கம் போனது. வாதத்தைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒரு தொகுதி இன்னொன்றிடம் எதை நம்பியிருக்கிறது என்று ஒப்பந்தம் மாதிரி எழுதுவது ஒரு பக்கம். அச்சுகளுக்குக் கணித வரைவிலக்கணம் கொடுத்து, ஆபத்துப் பட்டியலை ஊட்டினால் வாதம் தானாக விரியும்படி செய்வது இன்னொரு பக்கம். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் யூவன் டெனியும் கணேஷ் பாயும் 2013 அளவில் இதைச் செய்தார்கள். அவர்களுடைய அட்வகேட் என்ற கருவியில் அச்சை நிரப்பினால் நூறு பெட்டி ஒரு நொடியில் வரும். எனக்கு அப்போது பெரிய வியப்பு. பிறகுதான் விளங்கியது: '[ஆபத்து]' என்ற இடத்தில் ஆபத்துத்தான் நிரம்பியிருக்கிறதா என்று கருவி பார்க்கும். அந்த வசனம் உண்மையா என்று அதற்குத் தெரியாது. உங்கள் 61ஆம் பெட்டி எந்தக் கருவியிலும் சரி என்று பச்சை நிறத்தில்தான் காட்டும்.

நான் வகுப்பில் எப்போதும் சொல்கிற உதாரணம் ஏரியன் 5. ரொக்கெட் வெடித்த கதை எல்லோருக்கும் தெரியும். 1996 ஜூன் 4, புறப்பட்டு நாற்பது செக்கன்கூட ஆகவில்லை. ஏரியன் 4இன் மென்பொருளை அப்படியே போட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். விசாரணை அறிக்கையை வாசித்தால் அதைவிட நுட்பமான ஒன்று கிடக்கிறது. 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் அடக்கும் இடங்களில் ஏழு மாறிகள் நிரம்பி வழியக்கூடும் என்று முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். நாலுக்குப் பாதுகாப்பு எழுதினார்கள். மூன்றை விட்டார்கள். மறதியால் விடவில்லை, காரணம் இருந்தது: "இந்த அளவுகள் பௌதிக ரீதியாக இவ்வளவுக்கு மேல் போகமாட்டா, அல்லது இடைவெளி தாராளமாக இருக்கிறது." ஏரியன் 4இல் அந்த வாதம் சரி. ஏரியன் 5இன் பாதையில் கிடைவேகம் ஐந்து மடங்கு விரைவாக ஏறும். அந்த எண் விட்டுவைத்த ஒரு மாறியில் போய் நிரம்பி வழிந்தது. மாற்று அமைப்பு ஒன்று இருந்ததே என்றால், அதிலும் அதே மென்பொருள்; அது ஒரு கணம் முன்பே செத்துவிட்டது. இன்னும் ஒன்று: அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்த பகுதிக்கு ஏரியன் 5இல் புறப்பட்ட பிறகு ஒரு வேலையும் இல்லை. பழைய ரொக்கெட்டின் தேவைக்காக இருந்ததை யாரும் நிற்பாட்டவில்லை.

அங்கே மென்பொருளோடு சேர்ந்து வாதமும் திரும்பப் பாவிக்கப்பட்டது, ஆனால் யாரும் அதை எழுதி எடுத்துவரவில்லை. எழுதியிருந்தால் "கிடைவேகம் இவ்வளவுக்கு மேல் போகாது" என்ற ஒரு வரி யாரோ ஒருவரின் கண்ணில் குத்தியிருக்கும். உங்களிடம் அந்த வரி இருக்கிறது தங்கச்சி. 61ஆம் பெட்டி அதுதான். உங்களுக்குக் குத்தியிருக்கிறது.

இப்போது ஆய்வு எங்கே நிற்கிறது என்றால், சந்தேகத்தில். 2011இல் ரிச்சர்ட் ஹோகின்ஸ், கெல்லி, ஜோன் நைட், பட்ரிக் கிரேடன் சேர்ந்து, பாதுகாப்பு வாதம் வேறு, அந்த வாதத்தை ஏன் நம்பலாம் என்ற வாதம் வேறு, இரண்டையும் கலக்கவேண்டாம் என்றார்கள். கார்னகி மெலனில் குட்இனஃப், வைன்ஸ்டொக், கிளைன் மூவரும் தலைகீழாகப் போனார்கள்: கூற்றை நிறுவ ஓடாதே, அது எப்படிப் பொய்யாகலாம் என்று எல்லா வழியையும் எழுது, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வா. அடிபடாமல் மிஞ்சுவதுதான் உன் சந்தேகம். 2020இலிருந்து ரொபின் புளூம்ஃபீல்டும் ஜோன் ரஷ்பியும் 'அஷ்யூரன்ஸ் 2.0' என்ற பெயரில் இதையும் வாதக் கட்டுமானத் துண்டுகளையும் சேர்த்துப் பேசுகிறார்கள். 2021இல் யோர்க் ஆட்கள் இயந்திரக் கற்றல் பாகங்களுக்கென்றே அம்லாஸ் என்று படிப்படியான அச்சுகளை வெளியிட்டார்கள். உங்களுக்கு இப்போது அது தேவைப்படாது.

பிரேக்வயர் தம்பி பகிடி விட்டதும் ஆய்வுதான். 2023இல் டொரொன்டோவில் (இந்த யோர்க் பல்கலைக்கழகம் வேறு, எங்கள் சனம் பாதி இருக்கிற ஊரில் உள்ளது) ஜிபிடி-4ஐக் கொண்டு ஜிஎஸ்என் வாதம் எழுதவைத்துப் பார்த்தார்கள். ஓரளவு சரியாகவே எழுதியது. எனக்கு அதுதான் கவலை. வசனம் அழகாக இருக்கும். உங்கள் தேடி மாற்றும் வேலையைவிட அழகாக இருக்கும். அதே மொடலை வாதத்தைத் தாக்கச் சொன்னால், "இது எங்கே பொய்க்கும்" என்று கேட்டால், உபயோகம் இருக்கிறது. இருபது மறுப்புச் சொல்லும். பதினைந்து குப்பை, ஐந்து நாங்கள் யோசிக்காதவை. அந்த அளவுக்கு நான் பாவிக்கிறேன்.

உங்கள் துறையில் இதைக் கேட்கத் தொடங்கியதற்கும் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவுக்கு 2005 முதல் 2009 வரை இந்தப் பம்புகளைப் பற்றி ஏறக்குறைய 56,000 பாதகச் சம்பவ அறிக்கைகள் வந்தன. அதே காலத்தில் 87 தடவை பம்புகளைத் திருப்பி அழைத்தார்கள். 2010இல் வரைவாகவும் 2014இல் இறுதியாகவும் வெளியிட்ட வழிகாட்டலில் இப்படி வாதமாக எழுதித் தரும்படி கேட்டார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் எஃப்டிஏயும் சேர்ந்து செய்த பொதுப் பம்ப் மாதிரி ஒன்றும், கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் திறந்த வலிநிவாரணிப் பம்ப் ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் ஒருவருடைய கடைச் சாமானும் அல்ல, எல்லோரும் பார்க்கத்தான் செய்தார்கள். முதலில் அவற்றின் ஆபத்துப் பட்டியலை உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.


சுன்னாகம் சிக்னல், ஞாயிறு காலை

பிள்ளை, நான் இருபத்தாறு வருஷம் வெளிநாட்டில் ரயில் சிக்னல் வேலை பார்த்துவிட்டு இப்போது தோட்டம் பார்க்கிறேன். ஆடியபாதம் வீதி சொன்னது ஆய்வு. எங்களிடம் இது தரத்திலேயே இருக்கிறது. ஐரோப்பிய ஈஎன் 50129 சேஃப்டி கேஸை மூன்றாகப் பிரிக்கும். பொருளுக்கு ஒன்று, அந்தப் பொருளை ஒரு வகை வேலைக்குப் பாவிப்பதற்கு ஒன்று, இன்ன இடத்தில் பொருத்தியதற்கு ஒன்று. முதல் இரண்டையும் ஒரு தடவை எழுதினால் நூறு இடத்துக்குக் கொண்டுபோகலாம். மூன்றாவதை ஒவ்வொரு இடத்துக்கும் எழுதித்தான் ஆகவேண்டும். மேலே இருக்கிறவன் "என் பொருளைப் பாவிக்கிறவன் இவற்றைச் செய்யவேண்டும்" என்று நிபந்தனைப் பட்டியல் தருவான். கீழே இருக்கிறவன் ஒவ்வொன்றுக்கும் "இந்த இடத்தில் இப்படிச் செய்தோம்" என்று பதில் எழுதவேண்டும், முடியாததை அடுத்தவனுக்குச் சொல்லவேண்டும்.

எங்கள் ஊருக்கு வாங்கோ. தண்டவாளத்தை வீதி கடக்கும் இடத்தில் மணியும் சிவப்பு லயிற்றும் என்று வைப்போம். பெட்டிக்குள் இருக்கும் ரிலே, மின்கலம், ரயில் வருவதைக் கண்டுபிடிக்கும் கருவி எல்லாம் எங்கே போனாலும் ஒன்றுதான். இப்போது ஒரு கடவை வயல்வெளியில். சாரதி தூரத்திலேயே லயிற்றைக் காண்பார். அடுத்த கடவை ஒரு குச்சொழுங்கையின் வாயில். இரண்டு பக்கமும் பனை மட்டை வேலி, கடவைக்குக் கிட்ட வந்து மூக்கை நீட்டினால்தான் லயிற் தெரியும். கிட்ட ஒரு கோயில். பத்து நாள் திருவிழா, மேளமும் ஸ்பீக்கரும். அங்கே மணி யாருக்குக் கேட்கும்? அதே பெட்டி, அதே லயிற், அதே வாதத்தின் மேல் பாதி. கீழ் பாதியை எழுதுகிறவன் அந்த ஒழுங்கைக்குச் சைக்கிளில் போய் நின்று பார்க்கவேண்டும், ஒரு தடவை பகலில், ஒரு தடவை இரவில், முடிந்தால் திருவிழாவிலும்.

நீர் செய்யவேண்டியது உமக்கே தெரியும் என்று நினைக்கிறேன். 61ஆம் பெட்டி இடத்துக்குரியது. ஒபிஸில் இருந்து அதற்குச் சான்று எழுத ஏலாது.

இன்னொன்று. இங்கிலாந்தின் நிம்ரொட் விமானம் 2006இல் ஆப்கானிஸ்தானில் தீப்பிடித்து விழுந்து 14 பேர் செத்தார்கள். சேஃப்டி கேஸ் இருந்தது. 2009இல் வந்த விசாரணை அறிக்கை அந்தக் கேஸைக் கிழித்துத் தொங்கவிட்டது. முப்பது வருஷம் பறந்த விமானம், எப்படியும் பாதுகாப்புத்தான் என்ற நினைப்போடு எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் முதல் பம்ப் பிரச்சினை இல்லாமல் ஓடுகிறது என்று மனேஜர் சொல்லுவார். சொல்லட்டும்.


பிரேக்வயர், ஞாயிறு மத்தியானம்

ஐயா சொன்ன மூன்று அடுக்குத்தான் நான் சொல்ல நினைத்ததும், எனக்கு இப்படிச் சொல்ல வரவில்லை. அக்கா, வீட்டுப் பாவனை மருத்துவக் கருவிகளுக்கென்றே ஐஇசி 60601-1-11 என்று தனித் தரம் இருக்கிறது. மனேஜர் ஆய்வுக் கட்டுரைக்கு மசியமாட்டார் என்றால் அதைக் காட்டுங்கள். தர எண்ணுக்கு மனேஜர்மார் பயம்.


கோண்டாவில்காரி, திங்கள் இரவு

எல்லோருக்கும் நன்றி. ஐயா சைக்கிளில் போய் நின்று பார்க்கச் சொன்னீர்கள் அல்லவா, நான் நேற்றே அதைச் செய்துவிட்டேன்.

சனி ஒபிஸில் இருந்து அலாரம் போர்ட்டையும் ஸ்பீக்கரையும் மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன் (கேட்டுத்தான்). அம்மம்மாவின் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவருக்கு 84 வயது, ஒரு பக்கக் காது சரியாகக் கேட்காது. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறு நாலு தடவை அடிக்கவிட்டு நேரம் பார்த்தேன்.

முதல் தடவை அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார், ரேடியோ போய்க்கொண்டிருந்தது. 2 நிமிஷம் 10 செக்கன். வந்து பம்பைப் பார்க்கவில்லை, "உன்ர போன் அடிக்குது" என்றார். இரண்டாவது தடவை கிணற்றடி. வரவே இல்லை, ஐந்து நிமிஷத்தில் நானே நிற்பாட்டினேன். மூன்றாவது தடவை மத்தியானம், கதவு திறந்திருந்தது, 25 செக்கனில் வந்துவிட்டார். அந்த ஒன்றை மட்டும் எழுதினால் 61ஆம் பெட்டி பாஸ்!

நாலாவதுதான் நான் எதிர்பாராதது. பின்னேரம் நாலரை. அலாரம் அடிக்கிறது, அம்மம்மா கட்டிலில் இருந்து எழும்பி, "பாண்காரன் வந்திட்டான், ரெண்டு பணிஸ் வாங்கு" என்கிறார். எங்கள் ஒழுங்கையால் பாண் விற்கும் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் நேரம் அது. எங்கள் அலாரத்தின் சுரமும் அந்தப் பாட்டின் தொடக்கமும் கிட்டத்தட்ட ஒன்று. அம்மாவும் கேட்டிருக்கிறார், கேட்டுவிட்டுக் காசு தேடிக்கொண்டிருந்தார். வார்ட்டில் எடுத்த எந்த அளவீட்டிலும் பாண் ஓட்டோ இல்லை.

இன்று காலை மனேஜரிடம் ஏரியன் கதை சொல்லவில்லை. தர எண்ணைச் சொன்னேன், பிறகு பாண் கதையைச் சொன்னேன். சிரித்தார். சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அவருடைய மாமாவும் வீட்டில்தான் படுக்கையில் இருக்கிறார். மூன்று கிழமை ஏழு கிழமை ஆகியிருக்கிறது. நான் பத்துக் கேட்டேன்.

பெட்டிகளைப் பின்னேரம் முழுக்கப் பிரித்தேன். 143இல் 89 அப்படியே நிற்கும், மோட்டார், கணக்கு, கோட் சோதனை எல்லாம். 41க்குக் கூற்று சரி, சான்று புதிதாக வேண்டும். 13 பிழை. அந்த 13இல் ஒன்று 97ஆம் பெட்டி: "மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் தொடங்கும்வரை உள்மின்கலம் தாங்கும்." கோண்டாவிலில் எந்த ஜெனரேட்டர்? அதை நானே எட்டு மாதத்துக்கு முன்பு எழுதியிருக்கிறேன், என் பெயர்தான் கீழே இருக்கிறது.

ஆடியபாதம் அக்கா, தாக்கச் சொல்லிக் கேட்கும் வேலையையும் செய்து பார்த்தேன். 61ஆம் பெட்டிக்கு மட்டும் 18 மறுப்புத் தந்தது. பராமரிப்பவர் நித்திரை, கதவு சாத்தியிருக்கிறது, காது கேளாமை, இரண்டு கருவி ஒரே நேரத்தில் அடிப்பது எல்லாம் இருந்தன. பாண் ஓட்டோ இல்லை.

இப்போது ஒரு சின்ன உதவி. சுரத்தை மாற்றப்போகிறோம், சத்தத்தையும் கூட்டவேண்டிவரும். நேற்று நான் அளந்தது போனில் இருந்த ஒரு செயலியால், அதைச் சான்றாகப் போட ஏலாது. யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது ஒழுங்கான டெசிபல் மீற்றர் இருக்கிறதா? இரவலாகத்தான்.


சுன்னாகம் சிக்னல், திங்கள் இரவு

என்னிடம் ஒன்று கிடக்கு. வியாழன் பின்னேரம் சந்தைப் பக்கம் வந்தால் வாரும், தாறன். ஆனால் அளவுத்திருத்தச் சான்றிதழ் போன வருஷத்தோடு முடிஞ்சுது. அதையும் ஒரு பெட்டியில் எழுதும்.